நிற்காமல் சுற்றிய கைப்பிடி

3

"நாப்பது நிமிஷம் சுத்தினாராம் அந்த மனுஷன். எனக்கு நாலு நிமிஷத்துலயே தோள்பட்டை ராஜினாமா எழுதிக் குடுக்குது, சீஃப்," என்றான் கிலியான்.

"சுத்து," என்றாள் ஒட்டீலி. கையில் இருந்த கடிகாரத்தை விட்டு அந்தத் துப்பறிவாளரின் கண் நகரவில்லை.

கிலியான் சுற்றினான். முப்பது வருடம் நியூரம்பர்க் ட்ராம் வண்டிகளில் கைப்பிடி திருப்பியவன்தான். ஆனால் ட்ராமின் கைப்பிடி உள்ளங்கை நிறைய இருக்கும். இது சுண்டுவிரல் நீளக் கம்பி, நுனியில் ஒரு மரக்குமிழ். மேஜைமேல் நின்ற அந்தப் பொம்மை புரொஜெக்டரே காபிக் கெண்டி உயரம்தான். கறுப்புத் தகர உடம்பு, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, தலையில் புகைபோக்கி, முன்னால் பித்தளை வளையத்துக்குள் லென்ஸ். அந்தக் காலத்தில் இந்த ஊர்த் தொழிற்சாலைகளிலிருந்து பெட்டி பெட்டியாகப் போனவை. கிறிஸ்துமஸுக்குப் பரணிலிருந்து இறங்கும். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் பரணுக்கே ஏறிவிடும்.

சுவரில் மாட்டியிருந்த படுக்கை விரிப்பில் ஒரு முழ அகல வெளிச்சம். அதற்குள் ஒரு கோமாளி வாளியில் தடுக்கி விழுந்தான், எழுந்தான், மறுபடியும் தடுக்கி விழுந்தான். படச்சுருள் இரண்டு முழம் இருந்தால் அதிகம். இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கியிருந்தார்கள். சுற்றுகிறவன் கையை எடுத்தால்தான் கோமாளிக்கு விமோசனம்.

"நூறு தடவ விழுந்துட்டான் சீஃப். இன்ஷூரன்ஸ் கூட குடுக்க மாட்டாங்க."

"போதும். ஏழு நிமிஷத்துல பதினொரு தடவ வேகம் மாறிச்சு, ரெண்டு தடவ கை மாத்தின."

"திட்டா, பாராட்டா?"

ஒட்டீலி விளக்கை ஊதி அணைத்துவிட்டு, ஜன்னல் பலகையைத் திறந்தாள். மார்கழிக் குளிரின் சாம்பல் வெளிச்சம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. மணி மூன்று. ஆறு மணிக்குள் அவர்கள் உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால் மேல்மாடியில் ஒரு பெட்டி மூடப்படும்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, தகரப் பொம்மை சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் ராய்ஸ்னர் இந்த வீட்டுக்கு வந்தார். தேவாலயக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டப் போகும் புரொஜெக்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பழைய படச்சுருள் பொறி பட்டால் எரிந்துவிடும் ஜாதி. காற்றில் விளக்கு ஆடினால் ஆபத்து. யாரும் கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த அறையில் வீட்டுக்காரி ஆம்ஷ்லர் அம்மாளும் எதிர்வீட்டுப் பியானோ டீச்சர் இஸோல்டேயும் காபிக்கு உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் வேலை செய்யும் பாபெட் பரிமாறினாள். நாற்பது நிமிடமும் கதவுக்குப் பின்னால் கைப்பிடி கடகடத்துக்கொண்டே இருந்தது. பிறகு ராய்ஸ்னர் வெளியே வந்து, ஸ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆம்ஷ்லர் அம்மாள் மாடிக்கு ஏறி, காலமான கணவரின் வேலையறையைத் திறந்தபோது ஷூ பாலிஷ் டப்பா அளவுள்ள ஒரு தகர டப்பாவைக் காணவில்லை. அதற்குள் இருந்தது ஒரு படச்சுருள். அச்சடித்தது அல்ல, கட்டம் கட்டமாகக் கையால் மை தொட்டு வரைந்தது. பனியில் சறுக்கும் கரடி. உலகத்தில் அது ஒன்றுதான். வியாழக்கிழமை நகரக் காட்சியகத்துக்குப் போக வேண்டியது, 'வரைந்தவர் கோன்ராட் ஆம்ஷ்லர்' என்ற பித்தளைத் தகடோடு.

வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் மேஜையை விட்டு எழவில்லை. ஒருவர் கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தார். மிச்சம் பாபெட்.

ஆம்ஷ்லர் அம்மாள் போலீஸைக் கூப்பிடவில்லை. அதைவிட மோசமான காரியம் ஒன்று செய்தாள். பாபெட்டுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தாள். காலையில் அந்தத் தாளைக் கிலியானும் படித்தான். நேரம் தவறாதவள், சுத்தமானவள், சமையலில் கெட்டிக்காரி, பத்தொன்பது வருடம் உழைத்தாள் என்று ஏழு வரி. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் 'நாணயமானவள்' என்ற ஒரே ஒரு வார்த்தையும் இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த அம்மாளும் கண்ணாடியை மூக்கில் ஏற்றி முதலில் தேடுவது அந்த வார்த்தையைத்தான். அது இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும்.

"போலீஸ்னா விசாரிச்சு விட்டுடுவாங்க. இந்தக் காகிதம் என்னை ஆயுசுக்கும் விடாது," என்று சொல்லித்தான் பாபெட் காலையில் ஒட்டீலியின் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஆறு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கதவைத் தட்டாமலே ஆம்ஷ்லர் அம்மாள் புரொஜெக்டர் அறைக்குள் வந்தாள். கறுப்பு உடை, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, முகத்தில் ஏற்கெனவே எழுதி முடித்த தீர்ப்பு. பாபெட்டின் மனத் திருப்திக்காகத்தான் உங்களை உள்ளே விட்டேன், கைப்பிடி சுற்றி விளையாடுவதற்கு அல்ல என்றாள். பிறகு சுவரோரம் நின்ற கண்ணாடி அலமாரியைக் காட்டினாள்.

அலமாரியில் ஒன்பது பொம்மை நீராவி எஞ்சின்கள் வரிசையாக நின்றன. பித்தளைக் கொதிகலன், சிவப்புச் சக்கரம், ஊதல். எல்லாம் நிஜம்போலவே, ஆனால் டோஸ்ட் ரொட்டி அளவில். கணவர் இறந்த மூன்று வருடமாக அவற்றை யாரும் தொட்டதில்லை. தூசி தட்டக்கூடப் பாபெட்டுக்கு அனுமதி இல்லை. சாவி கடிகாரத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்பதில் எட்டு எஞ்சின்கள் சாம்பல் போர்வை போர்த்தியிருந்தன. மூன்றாவது மட்டும் பளபளவென்று இருந்தது.

"போன வாரம் இது இப்படி இல்ல. தொடாதேன்னு சொன்னதைத் தொட்டிருக்கா. தொடக்கூடாததைத் தொடற கை எங்க வேணும்னாலும் நீளும்," என்றாள் ஆம்ஷ்லர் அம்மாள்.

அது கிலியானுக்கும் உறைத்தது. காலையிலிருந்து பாபெட்டை நம்பிக்கொண்டிருந்தவன், முதல்முறையாக ஒரு அடி பின்வாங்கினான். அலுவலகத்தில் நம்மிடம் இதைச் சொல்லவில்லையே என்று தோன்றியது.

ஒட்டீலி அலமாரியைத் திறந்து, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கை நீட்டினாள்.

"மோந்து பாரு."

கிலியான் முகர்ந்தான். "ஸ்பிரிட். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய். எங்க மாமியார் வீட்டு வாசனை."

"தட்டைப் பாரு."

எஞ்சினின் நாலு காலும் தங்கள் பழைய தடத்தில் ஒரு மயிரிழை பிசகாமல் நின்றன. அவற்றைச் சுற்றித் தட்டின்மேல் மூன்று வருடத் தூசி அப்படியே இருந்தது. ஒட்டீலி அலமாரியை மூடினாள். போகும்போது புரொஜெக்டரின் பக்கவாட்டில் இருந்த பள்ளம் விழுந்த சின்னச் சக்கரத்தை நகத்தால் ஒருமுறை தட்டிவிட்டுப் போனாள். அது எதற்கு என்று கிலியான் கேட்டான். உன் தோள்பட்டைக்கு உதவியாள் என்றாள் அவள்.

எதிர்வீட்டில் பியானோ டீச்சர் இஸோல்டே அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பாபெட்டைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்றாள். ஒட்டீலி பாபெட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ராய்ஸ்னர் நன்றாகத் தாளம் பிடிப்பாரா என்று கேட்டாள். டீச்சரின் முகம் சட்டென்று மலர்ந்தது. முதலில் மோசம்தான், வேகமாகப் போய் இழுத்து நின்று, என் மாணவர்கள் மாதிரியே. ஆனால் இரண்டாவது கோப்பை காபி ஊற்றினபோது பிடித்தார் பாருங்கள் ஒரு தாளம், கால் மணி நேரம் பிசகவில்லை, மேஜைக்கடியில் நானே காலால் தட்டிக்கொண்டிருந்தேன் என்றாள். கடைசியில் களைத்துப் போயிருப்பார், மறுபடி பழைய இழுவை. இடையில் எங்கேயோ தண்ணீர் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டதாம். பாபெட் அடுத்த கெண்டிக்குத் தண்ணீர் வைக்கிறாள் என்று நினைத்தாளாம்.

படி இறங்கும்போது கிலியான் கேட்டான்: "அப்ப பாபெட் அந்த நேரத்துல சமையலறையிலதான் இருந்திருக்கா. நல்லதுதானே?"

"போய்க் கேக்கலாம்."

சமையலறையில் பாபெட் தன்னுடைய கடைசிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது காபிக்குப் பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்தாயா என்று ஒட்டீலி கேட்டாள். இல்லை, க்ரீம் எடுக்கப் பாதாள அறைக்குப் போனேன் என்றாள் பாபெட்.

"க்ரீம் ஜன்னல் விளிம்புல இருக்கு. மார்கழியில எவளும் க்ரீமுக்காகப் பாதாளத்துக்கு இறங்க மாட்டா."

பாபெட்டின் கை நின்றது. துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். கிலியான் தரையைப் பார்த்தான். இப்போது அவள் என்ன சொல்லப்போகிறாளோ அதைக் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"கொல்லைப்பக்கம் நின்னு சிகரெட் பிடிச்சேன்," என்றாள் பாபெட் கடைசியில். "விருந்தாளி வந்தா ரெண்டாவது காபிக்கப்புறம் எப்பவும் அப்படித்தான். அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாங்க. ராய்ஸ்னர் சார் ஒருத்தருக்குத் தெரியும். அவர்தான் நெருப்பு குடுப்பார்."

"பொய் சொன்னியே."

"திருடின்னு ஆயிடுச்சு. சிகரெட் பிடிக்கிற திருடின்னும் ஆகணுமா?"

புரொஜெக்டர் அறையின் இன்னொரு கதவு சமையலறைப் பக்கம் திறந்தது; பின்படிக்கட்டு சமையலறையை ஒட்டித்தான் மேலே போனது. கால் மணி நேரம் அங்கே யாரும் இல்லை. அது பாபெட்டுக்குச் சாதகமா, பாதகமா என்று கிலியான் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு தடவை போட்டால் சாதகம், மறு தடவை போட்டால் பாதகம்.

நாலு மணிக்கு ராய்ஸ்னர் வந்தார். புரொஜெக்டர் விஷயமாக ஒரு நிபுணர் தேவை என்று ஒட்டீலி ஃபோன் செய்திருந்தாள். உயரமானவர், ஒல்லி, அறுபத்தைந்து வயது. முன்பு துல்லியக் கருவிகள் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளர். கோட்டைக் கழற்றி மாட்டி, அதன் தோள் மடிப்பை இரண்டு விரலால் நேராக்கிவிட்டு வந்தார். பாபெட்டைப் பார்த்ததும் வருத்தமாகத் தலையாட்டினார். நல்ல பெண், இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று ஆம்ஷ்லர் அம்மாளிடம் சொன்னார்.

ஆம்ஷ்லர் அம்மாளும் பாபெட்டும் பின்னால் வர, அறைக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார். மேஜையில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் அலமாரியின் கடைசியில் நின்ற ஒன்பதாவது எஞ்சின் ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடர்மேல் புஸ் புஸ் என்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் சக்கரத்திலிருந்து ஒரு கயிற்றுப் பட்டை புரொஜெக்டரின் பள்ளச் சக்கரத்துக்குப் போனது. கைப்பிடி தானாகச் சுற்றியது. கடகடகடவென்று ஒரே தாளம்.

"அந்தக் காலத்துப் பசங்க இப்படித்தான் ஓட்டுவாங்களாமே," என்றாள் ஒட்டீலி. "கை வலிக்காது பாருங்க."

"தெரியும்," என்றார் ராய்ஸ்னர். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா ஞாயித்துக்கிழமை நான் கையாலதான் சுத்தினேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. இந்தச் சத்தத்தை மட்டும் கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல. கிலியான், நெருப்பை அணைச்சு இதை உள்ள வெச்சிடு. நாம கிளம்பலாம்."

கிலியானுக்குப் புரியவில்லை. இதற்காகவா தண்ணீர் ஊற்றி நெருப்பு வைத்தோம் என்று நினைத்துக்கொண்டே சுடரை ஊதினான். எஞ்சினைத் துணியால் சுற்றித் தூக்கினான். ஒரு பக்கம் சாய்ந்ததில் இரண்டு சொட்டு வெந்நீர் கம்பளத்தில் விழுந்தது. அலமாரிக் கதவை முழங்கையால் தள்ளினான்.

"தண்ணியோடயா வைக்கிறீங்க?" என்றார் ராய்ஸ்னர்.

"இதைப் போய் யார் சார் பாக்கப் போறாங்க? மூணு வருஷமா பூட்டியே கிடக்கு."

"ஒரு ராத்திரி போதும், உள்ள துரு பிடிச்சிடும்."

"பிடிக்கட்டும் சார், அதுக்கும் வயசாச்சு."

கிலியான் எஞ்சினைத் தட்டில் வைத்தான். கதவை மூடினான். சாவியைத் திருப்பப் போனான். ராய்ஸ்னர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டினார். கட்டிய விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. சாவி பாதி திரும்பியதும் அவர் நாலே எட்டில் அறையைக் கடந்து, கிலியானின் கையை ஒதுக்கிவிட்டு, எஞ்சினை வெளியே எடுத்தார்.

அதன் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. பாதுகாப்புத் திருகைக் கழற்றினார். கவிழ்த்து, வெந்நீரைப் பூத்தொட்டியில் வடித்தார். துளையில் வாயை வைத்து மூன்று முறை ஊதினார். கைக்குட்டையை முறுக்கி உள்ளே விட்டு எடுத்தார். திரியை நசுக்கி மிச்ச ஸ்பிரிட்டைப் பிழிந்தார். சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற ஒரு சின்ன எண்ணெய்க் குழலை எடுத்து அச்சுக்கு ஒரு சொட்டு, உருளைக்கு ஒரு சொட்டு விட்டார். கழுத்திலிருந்து கால்வரை துடைத்தார். பிறகு அலமாரிக்குள் குனிந்து, தூசியில் இருந்த பழைய நாலு தடங்களின்மேல் நாலு காலையும் ஒவ்வொன்றாக இறக்கினார்.

அவர் நிமிர்ந்தார். அலமாரியில் இப்போது இரண்டு எஞ்சின்கள் பளபளத்தன.

"அண்ணன் தம்பி மாதிரி இருக்கு," என்றான் கிலியான் மெதுவாக.

ஆம்ஷ்லர் அம்மாள் மூன்றாவதையும் ஒன்பதாவதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்டைத் துடைக்கிறவ மொதல்ல தட்டைத்தான் துடைப்பா," என்றாள் ஒட்டீலி. "அச்சுக்கு எண்ணெய் போட மாட்டா. திரியைப் பிழிய மாட்டா. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது காபி நேரத்துல இந்த மூணாவது எஞ்சின்தான் கைப்பிடியைச் சுத்திச்சு. நீங்க பின்படியில ஏறிப் போய்ட்டு வந்தீங்க. வளையச் சுருள், அது பாட்டுக்குச் சுத்தும், மாத்த வேண்டியதில்ல. போறதுக்கு முன்னாடி புரொஜெக்டர் விளக்கை அணைச்சுட்டுத்தான் போயிருப்பீங்க. எரியற சுருள் பக்கத்துல விளக்கை விட்டுட்டுப் போக உங்களால முடியாது. இருட்டுலதான் கோமாளி விழுந்துட்டு இருந்திருப்பான். திரும்பி வந்ததும் எஞ்சினை அப்படியே திணிச்சுட்டுப் போயிருந்தா நான் இன்னிக்கு வெறுங்கையோட போயிருப்பேன். அதுவும் உங்களால முடியல."

ராய்ஸ்னர் மறுப்பார் என்று கிலியான் காத்திருந்தான். அவர் கூடத்துக்குப் போனார், மாட்டியிருந்த கோட்டின் உள்பையிலிருந்து ஷூ பாலிஷ் டப்பா அளவுள்ள தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக அதை நெஞ்சோடுதான் வைத்திருந்தார் போலிருக்கிறது.

"இது எங்கப்பா வரைஞ்சது," என்றார். ஆம்ஷ்லர் குடும்பத்தின் தொழிற்சாலையில் அச்சுக்கல்லில் படம் எழுதுகிற வேலை அப்பாவுக்கு. ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டுச் சமையல் மேஜையில் உட்கார்ந்து வரைந்தாராம். சின்ன வயதில் ராய்ஸ்னரே அந்த மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். முதலாளி வீட்டுக்குப் போன சுருள் திரும்பி வரவில்லை. "வியாழக்கிழமை வேற பேர்ல தகடு அடிச்சிட்டா, அதுக்கப்புறம் எங்கப்பா அதை வரையவே இல்லைன்னு ஆயிடும்."

ஆம்ஷ்லர் அம்மாள் வாயைத் திறந்தாள். என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல வந்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கோன்ராட் பென்சில் பிடித்து அவளே பார்த்ததில்லை போலும்.

"அது வேற வழக்கு. அதைக் கேக்க உங்களுக்கு வாய் இருந்துச்சு," என்றாள் ஒட்டீலி. "இந்தப் பொண்ணு பெட்டி கட்டுறான்னு தெரிஞ்சும் ரெண்டு நாளா நீங்க சும்மா இருந்தீங்க. அவ சிகரெட் பிடிக்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் படி ஏறினீங்க. உங்கப்பா பேரை எடுத்துக்கிட்டாங்கன்னு நீங்க பாபெட் பேரை எடுத்துக்கிட்டீங்க."

ராய்ஸ்னர் பாபெட்டைப் பார்த்தார். அவளிடம் ஏதோ சொல்ல முயன்றார். அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை, ஆனால் உதவவும் இல்லை. அவர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். துடைத்து எண்ணெய் போட்ட கைகள் மடியில் சும்மா கிடந்தன.

வழக்கு போட வேண்டுமா, தகட்டில் யார் பெயர் என்பதையெல்லாம் வியாழக்கிழமைக்குள் பேசிக்கொள்ளலாம் என்றாள் ஒட்டீலி. ஆனால் ஆறு மணிக்குள் முடிய வேண்டியது ஒன்று உண்டு என்று சொல்லி, ஆம்ஷ்லர் அம்மாளிடம் பேனாவை நீட்டினாள்.

ஆம்ஷ்லர் அம்மாள் எழுதினாள். நின்றபடியே எழுதினாள். ஏழு வரிக்குப் பதில் பன்னிரண்டு வரி. கடைசி வரியில் அந்த வார்த்தையை எழுதி, மை காயட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்து, தாளைப் பாபெட்டிடம் தன் கையாலேயே கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அம்மாளுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, போய்ப் பெட்டியைப் பிரித்துத் துணிமணிகளை அடுக்கி வை, ராத்திரிக்கு உருளைக்கிழங்கு சூப் போதும், இனிமேல் சிகரெட்டை முன்வாசலிலேயே பிடி என்றாள்.

பாபெட் தாளை இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்து மேலங்கியின் உட்புறம் வைத்தாள். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். ஏப்ரனை மடித்து நாற்காலி முதுகில் போட்டாள்.

"நான் கிளம்பறேம்மா."

"அதான் எழுதிக் குடுத்துட்டேனே," என்றாள் ஆம்ஷ்லர் அம்மாள்.

"ஆமாம்மா," என்றாள் பாபெட். "எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப நான் எந்த வீட்டுக்கும் போகலாம்."

கிலியான் மாடிக்கு ஏறிப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.